மஞ்சள் பட்ட பந்து

அந்தப் பந்தின் ஒரு பக்கத்தில் இன்னும் மஞ்சள் இருக்கிறது. பழுப்புத் தோலின் மேல் மூன்று விரல்கள் பட்ட இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தவர்கள் உண்டு, போகவில்லை. எங்கள் பல்கலைக்கழக அணியின் உடை மாற்றும் அறையில், கதவுக்கு மேலே உள்ள பலகையில் அது வருடக் கணக்காகச் சும்மா கிடக்கும். அதைக் கீழே இறக்குகிறார்கள் என்றால் யாரோ ஒருவன் ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டிருக்கிறான் என்று அர்த்தம். இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை அதை இறக்க வேண்டி வந்தது. இறக்கிக் கொடுத்தவன் நான்தான். கொடுப்பதற்கு முன் என் மூன்று விரல்களையும் அந்த மஞ்சளின் மேல் வைத்துப் பார்த்தேன். அங்கே பதிந்திருப்பவை என் மச்சானின் விரல்கள்.

நாங்கள் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால், வேலையெல்லாம் கைக்கும் தோளுக்கும். ஜெர்மனியில், எங்கள் ஊரான எசனில் போய்ப் பந்து என்று சொன்னால் எல்லாரும் உருண்டைப் பந்தைத்தான் நினைப்பார்கள். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு, தலைக்கவசம் போட்ட ஆட்களின் சுவருக்குள் ஓடிப் போய் விழுவதைப் பார்த்த என் அம்மா, "இதுக்கோ இஞ்சை உங்களைக் கொண்டுவந்து வளர்த்தனாங்கள்?" என்று கேட்டார். அப்படிப் பந்தோடு ஓடுகிறவனை ஓட்டக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவின் அண்ணன் மகன், பக்கத்து நகரமான வுப்பர்டாலில் வளர்ந்தவன், என்னோடு ஒரே பல்கலைக்கழகத்தில் படித்த மச்சான், எங்கள் அணியின் ஓட்டக்காரன். நான் அவனுக்கு முன்னால் ஓடி, எதிரிகளோடு மோதி, வழி திறந்துவிடுகிறவன். பெயர் அவனுக்கு, காயம் எனக்கு. இன்று நான் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறேன். வார இறுதிகளில் அதே அணியின் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

எங்கள் மைதானத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பழைய ஆட்டக்காரர்கள் வந்து வேலியோரம் நிற்பார்கள். ஒரு கையில் பியர், மறு கையில் சுட்ட வூர்ஸ்ட் தொத்திறைச்சி, முன்னால் ஒரு வயிறு. இன்றைய பிள்ளை ஒருவன் பந்தோடு விழுந்ததும் தொடங்கிவிடுவார்கள். இவனுக்கு நிதானம் இல்லை, அவனுக்கு இடுப்பு வளையவில்லை, அந்தக் காலத்தில் ஒருவன் இருந்தானே, அந்தக் குட்டைத் தமிழன், அவன் பந்தை விட்டதே இல்லை. கடைசி ஆட்டத்தில் மட்டும் முழங்கால் போய்விட்டது, பாவம், அதனால்தான் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம். இதை எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மச்சானின் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் பந்தை விட்டதும் உண்டு. ஆனால் அதை வேலியோரத்தில் நின்று யாருக்கு விளக்குவது? கோபம் வரும், விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒப்பிட வேண்டுமென்றால் அவர்களைவிட நன்றாக ஒப்பிடத் தெரிந்தவன் நான். மச்சான் சின்னச் சின்ன அடியாக ஓடுவான். அவசரப்பட மாட்டான். பந்து வலது கைக்குள் இருக்க, இடது உள்ளங்கையை என் முதுகில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வருவான். முன்னால் ஆட்கள் முட்டி மோதுகிற சத்தத்துக்கு நடுவே எனக்கு அந்தக் கை ஒன்றுதான் தெரியும். கை முதுகை விட்டுப் போனால் அவன் இடைவெளியைக் கண்டுவிட்டான் என்று பொருள், நான் யாரையாவது கட்டிக்கொண்டு விழ வேண்டியதுதான். பிடிபடும்போது இரண்டு கையாலும் பந்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுருண்டு விழுவான். இன்று என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் ஸவர்லாண்டு மலைப் பக்கத்துப் பண்ணைக் குடும்பத்தவன், உருவத்தால் பெரியவன் என்றே அவனைக் கூப்பிடுவோம். வைக்கோல் உருளை மலையிலிருந்து உருண்டு வருவது போல வருவான், திரும்பத் தெரியாது, ஆனால் பந்தை விட மாட்டான். மற்றவன் தேனிப் பக்கத்திலிருந்து இயந்திரவியல் மேற்படிப்புக்கு வந்தவன், என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவன். அவனைத் தம்பி என்றே சொல்கிறேன். தம்பி யார் முதுகிலும் கை வைப்பதில்லை. எதிரியின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளுவான். அவனைப் பிடிக்க வந்தவர்கள் வெறும் காற்றைக் கட்டிக்கொண்டு விழுவார்கள். மச்சானைவிட இவன் வேகம். இதை நான் வேலிக்காரரிடம் சொன்னதில்லை.

ஆனால் அவனிடம் ஒரு குறை இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து திருவிழாக்களில் கபடி ஆடியவன் அவன். கபடியில் பாடிப் போனவன் பிடிபட்டால், நான்கைந்து பேர் மேலே விழுந்து அமுக்கினாலும், உயிரெல்லாம் கையில்தான் இருக்கும். கையை நீட்டி விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிழைத்தான். எங்கள் ஆட்டத்திலும் தம்பி பிடிபட்ட கணத்தில் அவன் கை தானாக நீளும், பந்தோடு சேர்ந்து. நீட்டிய கையில் உள்ள பந்தை யார் தட்டினாலும் போய்விடும். ஆடுகளத்தின் கடைசிக் கோட்டில் மட்டும் அந்த நீட்டலுக்கு மதிப்பு உண்டு, பந்தின் நுனி கோட்டைத் தாண்டினாலே புள்ளிதான். மற்ற இடங்களில் அது தற்கொலை. "கோடு அங்க இல்லையடா, இன்னும் எவ்வளவோ தூரம்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வான், "எனக்குத் தெரியும்ணா. கைக்குத்தான் தெரியல."

அதுவரை பயிற்சியில்தான் பந்தை விட்டிருந்தான், அந்தச் சனிக்கிழமை ஆட்டத்திலும் கை நீண்டது. நடு மைதானத்தில் பந்து போனது, ஆட்டமும் போனது. கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் பிரிவில் இருப்போம் என்ற நிலை வந்தது. தம்பிக்கும் அது கடைசி ஆட்டம். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுத் தெற்கு ஜெர்மனியில் எங்கோ வேலைக்குப் போகப் போகிறவன் அவன். மஞ்சள் பந்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான்.

எங்கள் அணியின் வழக்கம் இதுதான். பந்தை விட்டவன் அடுத்த ஆட்டம் வரை ஒரு கிழமை, ஏழு நாளும், அந்தப் பழைய பந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும். விரிவுரை, டிராம், கடை, எங்கே போனாலும் அது கூடவே போகும். தூக்கத்துக்கும் குளியலுக்கும் மட்டும் விலக்கு. அணியில் யார் வேண்டுமானாலும் பின்னால் வந்து தட்டிவிடலாம். விழுந்தாலோ, அவனாகக் கீழே வைத்தாலோ, அடுத்த ஆட்டத்தில் அவன் வெளியே உட்கார வேண்டும். எங்கள் பழைய பயிற்சியாளர் கொண்டுவந்த வழக்கம் அது. வாய் திறக்காத மனிதர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

மச்சான் ஒரே ஒரு முறை பந்தை விட்டான். அதுவும் இப்படித்தான், கடைசிக்கு முந்திய ஆட்டத்தில், கொட்டுகிற மழையில். அடுத்த நாள் வுப்பர்டாலில் ஒரு மண்டபத்தில் என் தங்கையின் சாமத்திய வீடு, பூப்பு நீராட்டு விழா. தாய்மாமன் மகன் வராமல் இருக்க முடியுமா? பட்டு வேட்டி, சால்வை, கக்கத்தில் சேறு காயாத பந்து. வீடியோக்காரர் படம் எடுக்க மறுத்தார். மாமிமார், "முறை மச்சானுக்குப் பிள்ளையை விடப் பந்துதான் பெருசு போல" என்று பகிடி பண்ணினார்கள். நான் சிரிக்கவில்லை. அணியில் இரண்டு பேரை நான்தான் விருந்துக்கு அழைத்திருந்தேன். அவர்கள் வடையைக் கடித்துக்கொண்டு அவன் முழங்கையையே பார்த்தபடி இருந்தார்கள். ஒருவன் நாற்காலிகளுக்கு இடையால் நகர்ந்து வருவதைக் கண்டு நான் குறுக்கே போய் நின்றேன். மைதானத்தில் செய்கிற வேலைதான். அந்தக் கடைசி ஆட்டத்தோடு மச்சானின் படிப்பு முடிகிறது, வேலை தொடங்குகிறது, இனி ஆட மாட்டான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அது எப்படியாவது நடக்க வேண்டும் என்று அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன்.

மாமா வீட்டுத் தட்டுகள் மேடைக்கு வர வேண்டிய நேரம் வந்தது. முதல் தட்டை மாமா தூக்கினார். இரண்டாவது, மஞ்சளும் குங்குமமும் பழமும் தேங்காயும் வைத்த பெரிய தட்டு, மச்சானுக்கு. மாமா அந்த விளையாட்டை ஒருநாளும் ஏற்றுக்கொண்டவர் அல்ல. மகன் அடிபட்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று திரும்பி மகனைப் பார்த்து ஏதோ சொன்னார். நாதஸ்வரமும் தவிலும் ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தன. அவர் உதடு அசைந்ததிலிருந்து, "உந்தப் பந்தைக் கீழை வை" என்று சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். மச்சான் பந்தை மேடை ஓரத்து நாற்காலியில் வைத்தான். இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்து, தட்டிலிருந்த மஞ்சள் ஒட்டிய விரல்களோடு பந்தை எடுத்தான். அழைத்த இருவரும் அப்போது சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். பார்த்தவன் நான் ஒருவன்தான். என் முகத்தைப் பார்த்தான். நான் சாப்பாட்டு வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் பயிற்சியாளர் அவனிடம், கிழமை எப்படிப் போகிறது என்று கேட்டார். "நான் அதைக் கீழே வைத்தேன்" என்று மச்சான் ஜெர்மனில் தெளிவாகச் சொன்னான். அவர் தலையை ஆட்டிவிட்டு அப்பால் போனார். அவனை வெளியே உட்கார வைத்ததற்கு அணிக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. முழங்கால் கதை அதன் பிறகு அதுவாக முளைத்தது. ஆட்டத்தன்று என் முதுகில் வேறு ஒருவனின் கை இருந்தது, அது எப்போது போகும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கடைசி முயற்சியில் நான் ஒருவனைச் சாய்த்து, ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்கு வழி திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஓட்டக்காரன் மற்றப் பக்கமாக ஓடிப் போய் மாட்டிக்கொண்டிருந்தான். மச்சான் கோட்டுக்கு வெளியே தலைக்கவசத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். நான் திறந்த வழியை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஒருநாளும் அவன் மைதானத்துக்கு வரவில்லை. வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு வருவான், பாட்டுக்கு ஆடுவான், எல்லாரையும் சிரிக்க வைப்பான். ஆட்டப் பேச்சு வந்தால் மட்டும் தேத்தண்ணீர் எடுக்க எழுந்து போய்விடுவான். தகப்பன் சொல்லுக்காகக் கடைசி ஆட்டத்தையே விட்டவன் என்று நான் அவனைப் பற்றி மனத்துக்குள் ஒரு கோயில் கட்டி வைத்திருந்தேன். வேலிக்காரர் கட்டியது ஒன்று, நான் கட்டியது இன்னொன்று.

இந்த வருடத்துக்கு வருகிறேன். புதன்கிழமை என் அம்மா தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நண்டுக் கறி வைத்திருந்தார். நான் ஒரு தொலைபேசி அழைப்புக்காகப் பல்கனிக்குப் போனேன். திரும்பி வந்தபோது தம்பி பந்து கக்கத்தில் இருக்கப் புளிச் சொதியைக் குடித்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக் கோப்பையில் நண்டு ஓடு குவிந்திருந்தது. எனக்கு எந்தச் சந்தேகமும் தோன்றவில்லை. மறுநாள் மத்தியானம் பாடசாலை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா, நேத்து உங்க வீட்ல பந்தைக் கீழ வெச்சுட்டேன். அம்மா தள்ளி வைக்கச் சொன்னாங்க. ஆனா அவங்க சொன்னதுக்காக இல்லண்ணா. நண்டு. ஒரு கையால முடியல. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு ரொம்ப மாசம் ஆச்சு."

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லித் தீராது. ஏன் என்னிடம் சொன்னாய் என்றுதான் முதலில் கேட்க வந்தது. ஒருவன் தகப்பனுக்காக வைத்தான், இவன் நண்டுக்காக வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பாய்ந்தேன். அவர் திரும்பியும் பார்க்காமல், "பிள்ளை பசியோடை வந்திருக்கு, பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு என்னெண்டு நண்டு உடைக்கிறது?" என்றார். அணியின் இன்றைய தலைமைப் பயிற்சியாளரைக் கேட்டால், "உன் ஓட்டக்காரர்கள், உன் முடிவு" என்று கையை விரித்தார். பெரியவனை வைத்து முழு ஆட்டமும் ஓட்ட முடியாது. தம்பியை உட்கார வைத்தால் தோற்போம், இறங்குவோம், அவன் கடைசி ஆட்டத்தை வெளியே இருந்து பார்த்துவிட்டுப் போவான். அவனை ஆட இறக்கினால், மச்சான் அன்று உட்கார்ந்ததற்கு என்ன பொருள்?

கேட்க வேண்டியவனையே கேட்டேன். பின்னேரம் வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நின்ற மச்சானைத் தொலைபேசியில் பிடித்து, நண்டுக் கதையைச் சொன்னேன். சிரித்தான். உன்னைப் போல் பெரிய காரணம் ஒன்றும் அவனுக்கு இல்லை, மாமா சொன்னதற்காக நீ வைத்தாய் என்றேன்.

"அப்பா சொன்னவரோ? எனக்கு ஒண்டும் கேக்கேல்லை மச்சான், அந்த மேளச் சத்தத்திலை. தட்டு பாரம். பித்தளைத் தட்டு, அதுக்குள்ளை ரெண்டு தேங்காய் வேறை. கை நொந்து போச்சு. அவ்வளவுதான்."

அப்படியானால் பயிற்சியாளரிடம் ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "அவர் என்னட்டைக் கேட்டவர். எனக்கு அந்த நேரம் பொய் ஒண்டும் வாயிலை வரேல்லை." பிறகு, இத்தனை வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன். பயிற்சியாளர் பரவாயில்லை, விளையாடு என்று சொல்லியிருந்தால் ஆட்டத்தில் இறங்கியிருப்பாயா?

"இறங்கியிருப்பன். வெக்கமில்லாமல் இறங்கியிருப்பன்." அவன் குரல் மாறியிருந்தது. "அண்டைக்கு நீ திறந்துவிட்ட வழி இருக்கெல்லே, இடப்பக்கம். இண்டைக்கும் சில நேரம் கார் ஓடேக்கை நான் அதுக்குள்ளாலை போறனான்." அந்த வழி அவன் நினைவில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சனிக்கிழமை வருகிறாயா என்று மட்டும் கேட்டேன். பார்ப்போம் என்றான்.

வெள்ளிக்கிழமை அணியின் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன், நண்டு உட்பட. முதல் பாதி தம்பி வெளியே, இரண்டாம் பாதி உள்ளே என்றேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். வழக்கம் வழக்கம்தானே என்றான் ஒருவன். அது நியாயம்தான். தானாக வந்து சொன்னவனுக்கு அரை ஆட்டம் போதும் என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினேன்.

சனிக்கிழமை தூறிக்கொண்டே இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் தம்பி மஞ்சள் பந்தை என்னிடம் திருப்பித் தந்தான். முதல் பாதி முழுவதும் பெரியவன் முட்டி முட்டி ஓடினான், பின்தங்கினோம். வேலியோரத்தில் வழக்கமான பேச்சு. அந்தக் குட்டைத் தமிழன் இருந்திருந்தால் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கத்தில், மழைத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கொஞ்சம் வயிறு வைத்த மச்சான் நின்றுகொண்டிருந்தான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் போய்ப் பந்தை அவன் கையில் கொடுத்தேன். "உந்தப் பந்தைக் கொஞ்சம் பிடி" என்றேன். வாங்கிக் கக்கத்தில் வைத்தான். மஞ்சளைப் பார்க்கவில்லை. ஆனால் மூன்று விரலும் அதன் மேல்தான் இருந்தன.

இரண்டாம் பாதியில் தம்பி இறங்கினான். துள்ளினான், பிடிபட்டபோதெல்லாம் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விழுந்தான், ஒரு தடவைகூடக் கை நீளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினோம். ஆட்டம் முடிகிற நேரம், கடைசிக் கோட்டுக்கு ஓர் ஆள் படுத்தால் எட்டுகிற தூரம், ஒரே ஒரு முயற்சி மிச்சம். ஒரு பாய்ச்சல் உள்ளே போனால் பிரிவில் இருப்போம், இல்லையென்றால் இறங்குவோம். வேலியிலிருந்து, "பெரியவனிடம் கொடு!" என்று கத்தினார்கள். இந்த ஈரத்தில், இந்த நெரிசலில் பந்தை விடாதவனிடம் கொடுப்பதுதான் புத்தி. நானும் அதைத்தான் நினைத்தேன். பெரியவன் தலைக்கவசத்தைப் பூட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் தம்பியைக் காட்டினேன். ஏன் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பந்து கைக்கு வந்ததும் தம்பி இடப்பக்கம் துள்ளினான். ஒருவன் காற்றைக் கட்டிக்கொண்டு விழுந்தான். இன்னொருவன் இடுப்பைப் பிடித்தான், மூன்றாமவன் கால்களை. கோட்டுக்கு முன்னால் அவன் உடல் நின்றுவிட்டது, பின்னுக்குச் சாயத் தொடங்கியது. ஒரு வருடமாக நான் அடக்கப் பார்த்த கை அப்போது தானாக வெளியே வந்தது. அவ்வளவு பேருக்கும் அடியிலிருந்து, பந்தோடு, நீண்டு, சேற்றில் மங்கிக் கிடந்த வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் போய்த் தொட்டது. பந்து அந்தக் கையிலேயே இருந்தது. நடுவர் புள்ளி என்று இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

சத்தம் வந்ததும் நான் தம்பியிடம் ஓடவில்லை, வேலிப் பக்கம் திரும்பினேன். மச்சான் கத்திக்கொண்டிருந்தான். தொப்பி விழுந்திருந்தது. பக்கத்தில் நின்ற வயிற்றுக்காரரை அவர் யாரென்றும் பாராமல் உலுக்கினான், பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். கக்கத்திலிருந்த பந்து நழுவி, வேலிக்கு அடியால் உருண்டு, என் காலடியில் சேற்றில் வந்து நின்றது. மஞ்சள் பக்கம் மேலே இருந்தது. மச்சான் அதைக் கவனிக்கவே இல்லை.